வண்டி யாருக்காக ஓடியது?

ஒவ்வொரு வருடமும் வருமான வரிக் கணக்கு முடிக்கும்போது ஆடிட்டரிடமிருந்து அந்தக் கேள்வி வரும். "காருக்கு எத்தனை சதவீதம் போடலாம்?" கார் செலவில் எவ்வளவைத் தொழில் செலவாகக் காட்டி வருமானத்திலிருந்து கழிப்பது என்றுதான் கேட்கிறார். நான் பதில் சொல்வதற்குள் அவரே சொல்லிவிடுவார். "எண்பது போட்டுக்கலாம்மா. ஏஜென்ட் வேலையே அலைச்சல்தானே. யாரும் கேட்க மாட்டாங்க." அவர் தவறான மனிதர் இல்லை. எனக்கு உதவி செய்வதாகத்தான் அவர் நினைக்கிறார். ஆனால் அந்த எண்பது எங்கிருந்து வந்தது என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. என் வண்டியை அவர் ஓட்டவில்லை. எந்த ஊருக்கு, யாரைப் பார்க்க, எதற்காகப் போனேன் என்று அவருக்குத் தெரியாது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த உரக்கடைக்காரருக்கும் எண்பது, எனக்கும் எண்பது.

நான் ஆயுள் காப்பீட்டு முகவர். மன்னார்குடியில் இருந்துகொண்டு வடுவூர், நீடாமங்கலம், கூத்தாநல்லூர், கோட்டூர், முத்துப்பேட்டை வரைக்கும் போவேன். எங்கள் பக்கத்தில் பகலில் யார் வீட்டுக்குப் போனாலும் ஆள் இருக்காது. வயலுக்கோ வேலைக்கோ போனவர்கள் திரும்பி, குளித்து, சாப்பிட உட்காரும் நேரத்தில்தான் பாலிசி பற்றிப் பேச முடியும். பேசி முடித்துக் கையெழுத்து வாங்கும்போது கடைசி பஸ் போயிருக்கும். இரவில் ஆற்றங்கரைச் சாலையில் ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு தனியாக வருவதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். கார் வந்த கதை அதுதான். என் தொழிலுக்கு அது ஆடம்பரம் இல்லை. ஆனால் அதே கார்தான் மாமியாரை டாக்டரிடம் அழைத்துப் போகிறது, பையனை ரயிலடியில் விடுகிறது, குலதெய்வம் கோயிலுக்கும் போகிறது. அப்படியானால் அந்த வண்டியில் தொழிலின் பங்கு எவ்வளவு? இந்தக் கேள்விக்கு ஊகமாக ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுக் கடந்து போக என்னால் முடியவில்லை.

எங்களுக்கு ஏன் இந்தக் கணக்கு

சொந்தத் தொழில் செய்யும் எல்லோருக்கும் இந்தத் தலைவலி கிடையாது. டாக்டர், வக்கீல், இன்ஜினியர் போன்றவர்கள் வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் போகலாம். வருட வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் (ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம்), அதில் பாதியை லாபம் என்று காட்டினால் போதும். கார், பெட்ரோல், தேய்மானம் (வண்டியின் மதிப்பு வருடா வருடம் குறைவதற்காகக் கழிக்கும் தொகை), டிரைவர் சம்பளம் எல்லாம் மறுபாதிக்குள் அடங்கிவிட்டதாகச் சட்டமே எடுத்துக்கொள்ளும். பாதியைக் கழித்த பிறகு, காருக்கென்று தனியாக இன்னொரு தொகையைக் கழிக்க முடியாது. உண்மைச் செலவு வரவில் பாதிக்கும் குறைவாக இருப்பவர்கள் அந்த வழியில் போய்விட்டு நிம்மதியாக இருக்கலாம். கடைக்காரர்களுக்கு 44ஏடி இருக்கிறது. விற்பனையில் 8 சதவீதம், வங்கி அல்லது யு.பி.ஐ. வழியாக வந்த பணத்துக்கு 6 சதவீதம் என்று லாபம் காட்டலாம்.

கமிஷன் வாங்குபவர்களுக்கு இந்த வாசல் திறக்காது. கமிஷன், தரகு, ஏஜென்சி வருமானம் 44ஏடியில் வராது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. காப்பீட்டு முகவர், நிலத் தரகர், கமிஷனுக்கு விதை விற்றுக் கொடுப்பவர் எல்லோரும் இந்த வகைதான். நாங்கள் வரவையும் செலவையும் உள்ளபடி எழுதி ஐ.டி.ஆர்.-3 என்ற வரிப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். எளிதாக இருக்கிறது என்று ஐ.டி.ஆர்.-4இல் 44ஏடி போட்டுத் தாக்கல் செய்துவிடும் முகவர்களைப் பார்த்திருக்கிறேன். டி.டி.எஸ். (கமிஷன் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வரி) ரீஃபண்ட் வந்துவிட்டால் சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்று நினைத்துவிடுகிறார்கள். கமிஷன் எந்தப் பிரிவில் பிடித்த டி.டி.எஸ்.ஸோடு வருகிறது என்பது துறையின் கணினிக்குத் தெரியும். காப்பீட்டுக் கமிஷனுக்கான 194டி என்று அதிலேயே இருக்கிறது.

நான் சொல்லும் எண்கள் 1961ஆம் வருடச் சட்டத்தின் எண்கள். 2025ஆம் வருடத்தின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அதில் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆனால் எங்கள் பக்கத்தில் பேச்சில் புழங்குவது பழைய எண்கள்தான், அதனால் அப்படியே எழுதுகிறேன். கார் விஷயத்தில் மூன்று பிரிவுகள் முக்கியம். 37: தொழிலுக்காகவே முழுக்க முழுக்கச் செய்த செலவைக் கழிக்கலாம், சொந்தச் செலவைக் கழிக்கக் கூடாது. 32: வண்டியின் தேய்மானம், காருக்கு வருடம் 15 சதவீதம். 38(2): ஒரு பொருள் தொழிலுக்கும் வீட்டுக்கும் சேர்த்துப் பயன்பட்டால், தேய்மானம், பழுதுச் செலவு, இன்சூரன்ஸ் ஆகியவற்றில் நியாயமான ஒரு பங்கு மட்டும் கிடைக்கும், அந்தப் பங்கு எவ்வளவு என்று முடிவு செய்யும் அதிகாரம் வரி அதிகாரிக்கு உண்டு.

அந்தக் கடைசி வரியைத்தான் நான் பல முறை படித்தேன். எண்பது, எழுபது, ஐம்பது என்று சட்டத்தில் எந்த எண்ணும் இல்லை. பிரிட்டனில் சொந்தத் தொழில் செய்பவர், செலவுகளை ஒவ்வொன்றாக எழுதுவதற்குப் பதிலாக, தொழிலுக்கு ஓட்டிய முதல் 10,000 மைலுக்கு மைலுக்கு 45 பென்ஸ், அதற்கு மேல் 25 பென்ஸ் என்று கழித்துக்கொள்ளலாம். அங்கேயும் மைல் கணக்கு எழுதித்தான் ஆக வேண்டும், ஆனால் அதோடு வேலை முடிந்தது. நமக்கு அப்படி ஒரு கிலோமீட்டர் விகிதம் வேண்டும் என்பது என் ஆசை. பஸ் போகாத ஊர்களுக்குப் போய் வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கான பேருக்கு அது பெரிய உதவியாக இருக்கும். அது வரும்வரை எண்ணை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும், கேட்டால் அதற்கு ஆதாரமும் காட்ட வேண்டும்.

ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர்

சதவீதத்துக்குப் போவதற்கு முன்பு இன்னொரு கேள்வி இருக்கிறது. எங்கள் முதல் கார் என் கணவர் பெயரில் இருந்தது. டெல்டாவில் பாதி வீடுகளில் இப்படித்தான் இருக்கும். சம்பாதிப்பது மனைவி, ஓட்டுவதும் மனைவி, ஆனால் ஷோரூமில் கையெழுத்துப் போட்டவர் கணவரோ மாமனாரோ. தேய்மானம் கேட்க வேண்டுமானால் வண்டி முழுமையாகவோ ஒரு பங்காகவோ உங்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். அதனால் அந்தக் காருக்கு நான் தேய்மானம் கேட்கவில்லை. என் கணக்கிலிருந்து போட்ட பெட்ரோலுக்கும் நான் கொடுத்த சர்வீஸ் பணத்துக்கும் மட்டும், தொழில் பங்கை எழுதினேன்.

ஆர்.சி.யில் இருக்கும் பெயர்தான் முடிவானதா என்றால், அப்படியும் சொல்லிவிட முடியாது. 2013இல் ஐ.சி.டி.எஸ். நிறுவனத்தின் வழக்கில், வாகனம் குத்தகைக்கு எடுத்தவர் பெயரில் பதிவாகியிருந்தாலும், அதை வாங்கிக் கொடுத்த நிறுவனமே உரிமையாளர் என்று எடுத்துக்கொண்டு தேய்மானத்தை உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. ஆனால் அது குத்தகை ஒப்பந்தம் வைத்திருந்த பெரிய நிறுவனத்தின் வழக்கு. நம் வீட்டில் கணவன் மனைவிக்கு நடுவில் என்ன ஒப்பந்தம் இருக்கிறது? முன்பணம் யார் கொடுத்தது, மாத டியூ யார் கணக்கிலிருந்து போனது, தொழிலில் யார் ஓட்டியது என்று ஒவ்வொன்றையும் காட்டி வாதாட வேண்டியிருக்கும். ஒரு சின்ன முகவர் அவ்வளவு தூரம் போவதைவிட, வாங்கும் அன்றைக்கே தன் பெயரில் வாங்கிவிடுவது மேல். அடுத்த காரை நான் என் பெயரில் வாங்கினேன். அப்போது வீட்டில் ஒரு சின்ன முணுமுணுப்பு வந்தது உண்மைதான். "எல்லாம் ஒரே குடும்பம்தானே" என்றார் மாமனார். ஒரே குடும்பம்தான், ஆனால் வரிக் கணக்கு ஆளுக்கு ஒன்று. அதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னதும் அவரே ஷோரூமுக்குக் கூட வந்தார்.

இதை விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் பெண் முகவர்கள் பலர் காருக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு எழுதுவதில்லை. "அது வீட்டு வண்டிக்கா" என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் ராத்திரி எட்டரைக்குக் கோட்டூர் தாண்டி ஓட்டிக்கொண்டு போனது அவர்களின் உழைப்பு. அந்தப் பெட்ரோல் அவர்கள் கமிஷனிலிருந்து போனது. அதைக் கணக்கில் எழுதாவிட்டால், அந்த ஓட்டத்துக்கு எந்தத் தாளிலும் சாட்சி இல்லாமல் போகிறது. எண்பது எழுதுபவரைப் போலவே சைபர் எழுதுபவரின் கணக்கும் உண்மையிலிருந்து விலகித்தான் இருக்கிறது.

வீடு, தொழில், வயல்

சரி, பங்கை எப்படிக் கண்டுபிடிப்பது? கிலோமீட்டர் எழுதுவதைத் தவிர நியாயமான வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. டாஷ்போர்டு டிராயரில் ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, புறப்படும்போது மீட்டர், திரும்பும்போது மீட்டர், ஊர், யாரைப் பார்த்தேன், எதற்காக. ஏப்ரல் 1 அன்று மீட்டரைப் போட்டோ எடுத்துக்கொள்வேன், மார்ச் 31 அன்றும் எடுப்பேன். நடுவில் சர்வீஸ் விடும்போதெல்லாம் பில்லில் மீட்டர் ரீடிங் எழுதியிருப்பார்கள். அது மூன்றாம் மனிதரின் சாட்சி. திருச்சியில் மீட்டிங் என்றால் வாழவந்தான்கோட்டை டோலில் ஃபாஸ்டேக் பணம் பிடித்த நேரம் வங்கிக் கணக்கில் இருக்கும். நோட்டில் எழுதியதும் அதுவும் ஒத்துப்போனால் அந்த நோட்டுக்கு மதிப்பு வருகிறது. வருடக் கடைசியில் உட்கார்ந்து ஒரே பேனாவில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதிய நோட்டை எந்த அதிகாரியும் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

நோட்டு எழுத ஆரம்பித்த பிறகுதான் எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் தெரிந்தது. எந்தப் புத்தகத்தில் படித்தாலும் காரின் உபயோகத்தைத் தொழில், சொந்தம் என்று இரண்டாகத்தான் பிரிக்கிறார்கள். எங்கள் வண்டிக்கு மூன்றாவது வேலை ஒன்று இருக்கிறது. விதை நெல் மூட்டை டிக்கியில் வரும். சம்பா அறுவடை நேரத்தில் என் கணவர் நெல் கொள்முதல் நிலையத்துக்கும் வயலுக்குமாக அலைவது இதே காரில்தான். அது பொழுதுபோக்கு இல்லை, சம்பாத்தியத்துக்கான ஓட்டம்தான். ஆனால் விவசாய வருமானத்துக்கு 10(1) பிரிவின்படி வரி இல்லை. வரி இல்லாத வருமானத்துக்காகச் செய்த செலவை, வரி உள்ள வருமானத்திலிருந்து கழிக்க 14ஏ பிரிவு விடாது. ஆகவே வயலுக்கு ஓடிய கிலோமீட்டர் என் கமிஷன் கணக்கில் வர முடியாது. நோட்டில் அதற்கு 'வ' என்று ஒரு குறி போடுகிறேன். எங்கள் பக்கத்தில் சொந்தத் தொழிலோடு கொஞ்சம் நிலமும் வைத்திருக்கும் வாத்தியார், வக்கீல், தரகர் யாராக இருந்தாலும் இந்த 'வ' இருக்கும். ஆனால் எண்பது சதவீதம் சொல்லும் யாரும் அதை நினைப்பதில்லை.

ஒரு மாதம் மட்டும் எழுதிவிட்டுப் பன்னிரண்டால் பெருக்கினால் போதாதா என்று ஒரு தோழி கேட்டாள். டெல்டாவில் அது சரிவராது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துவிட்டால் சில சாலைகளில் வண்டி இறங்காது. அப்போது யாரிடமும் பணமும் இருக்காது. தை, மாசியில் அறுவடைப் பணம் கைக்கு வரும். பலர் பிரீமியத்தை அந்த நேரத்துக்கு வருகிற மாதிரி அமைத்துக்கொண்டிருக்கிறார்கள். மார்ச் நெருங்கினால் வரிச் சலுகைக்காகப் பாலிசி எடுக்கும் அரசு ஊழியர்களும் சேர்ந்துகொள்வார்கள். அந்த மூன்று மாதத்தில் தொழில் ஓட்டமும் வயல் ஓட்டமும் ஒன்றோடொன்று மோதும். வைகாசி முழுக்கக் கல்யாண வீடுகள். எந்த ஒரு மாதத்தை எடுத்தாலும் அது வருடத்தின் முகமாக இருக்காது.

இரண்டும் கலந்த பயணங்கள்தான் கஷ்டம். அம்மாவைத் தஞ்சாவூர் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன், அப்படியே வல்லத்தில் ஒருவரைப் பார்த்து முதிர்வுத் தொகைக்கான படிவத்தில் கையெழுத்து வாங்கினேன் என்றால் அது எந்தப் பக்கம்? நான் வைத்திருக்கும் வழி இது: டாக்டர் வேலை இல்லாவிட்டால் அன்று தஞ்சாவூருக்கே போயிருக்க மாட்டேன். அதனால் தஞ்சாவூர் போய் வந்த தூரம் வீட்டுக் கணக்கு. தஞ்சாவூரிலிருந்து வல்லம் போய்த் திரும்பிய தூரம் மட்டும் தொழில். கல்யாணங்களில் இதைவிடக் கஷ்டம். ஒரு முகவருக்குக் கல்யாண மண்டபம் எவ்வளவு முக்கியமான இடம் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் பேசிப் பாலிசி முடித்தவர்கள் உண்டு. இருந்தாலும் நான் கல்யாணத்துக்குப் போன தூரத்தை வீட்டுப் பக்கமே எழுதுகிறேன். 'முழுக்க முழுக்கத் தொழிலுக்காக' என்று 37 கேட்கும்போது, பட்டுப்புடவை கட்டி மொய் எழுதிவிட்டு வந்த பயணத்தை அதில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. வேறு முகவர் வேறு மாதிரி முடிவு செய்யலாம். அவர் அதை அதிகாரியின் முன்னால் சொல்லத் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வருடக் கடைசியில் கணக்கு சுலபம். உதாரணத்துக்கு ஒரு வண்டி மொத்தம் 12,000 கிலோமீட்டர் ஓடியது, அதில் தொழிலுக்கு 7,200 என்றால் பங்கு 60 சதவீதம். பெட்ரோல், சர்வீஸ், இன்சூரன்ஸ், கார் லோன் வட்டி சேர்த்து 1,60,000 ரூபாய். ஆறு லட்ச ரூபாய்க் காருக்கு முதல் வருடத் தேய்மானம் 15 சதவீதம், அதாவது 90,000. மொத்தம் 2,50,000. இதில் 60 சதவீதமான 1,50,000 ரூபாயைக் கழிக்கலாம். அடுத்த வருடம் மீதி மதிப்பின் மேல்தான் தேய்மானம் என்பதால் இந்த 90,000 குறையும். மாத டியூ முழுவதும் செலவு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். டியூவில் வட்டி மட்டும்தான் செலவு, அசல் கிடையாது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் எஞ்சின் ஓட நின்ற நேரத்தில் எரிந்த பெட்ரோலுக்குத் தனிக் கணக்கு வேண்டாம். மொத்தப் பெட்ரோலையும் கிலோமீட்டர் விகிதத்தில் பிரிப்பதால் அதுவும் உள்ளே வந்துவிடுகிறது.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்து வீட்டில்

இவ்வளவு பாடுபட்டு எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை மொத்த வருமானம் உள்ளவருக்கு 87ஏ தள்ளுபடியால் வரியே வராது. பெரும்பாலான முகவர்கள் அதற்குக் கீழேதான். புதிய முறையிலும் தொழில் செலவுகளைக் கழிக்கலாம், அதில் தடை இல்லை. ஆனால் வரியே இல்லாதபோது எண்பது எழுதினால் என்ன, அறுபது எழுதினால் என்ன? எனக்குள்ளும் அந்தக் கேள்வி இருந்தது. அதற்குப் பதில் என் தொழிலிலிருந்தே வந்தது.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கல்யாண போட்டோகிராஃபர். முப்பது வயதைத் தாண்டியவர், இரண்டு சின்னப் பிள்ளைகள். ஒரு கோடி ரூபாய்க்கு டேர்ம் பாலிசி (குறித்த காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் பாலிசி) வேண்டும் என்று அவரே கூப்பிட்டார். இப்படித் தானாகக் கேட்டு வருபவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. சீசனில் அவருக்கு ஒரு நாள்கூட ஓய்வு இருக்காது. வேதாரண்யத்திலிருந்து மயிலாடுதுறை வரை தன் காரில் கேமரா, லைட் எல்லாம் ஏற்றிக்கொண்டு போவார். மருத்துவப் பரிசோதனை நன்றாக வந்தது. அப்புறம் காப்பீட்டு நிறுவனத்தில் மூன்று வருட வரித் தாக்கல் படிவங்களைக் கேட்டார்கள். சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது, சொந்தத் தொழில் செய்பவருக்கு ஐ.டி.ஆர்.தான் வருமானத்தின் சாட்சி. வயதைப் பொறுத்து வருமானத்தின் இத்தனை மடங்குதான் காப்பீடு தருவோம் என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வரம்பு உண்டு.

அவருடைய படிவத்தைப் பார்த்தேன். வரவு நன்றாகத்தான் இருந்தது. செலவில் கார் முழுவதும், நூற்றுக்கு நூறு. பெட்ரோல் முழுவதும், வட்டி முழுவதும், தேய்மானம் முழுவதும். மனைவியின் ஸ்கூட்டி பெட்ரோல்கூட அதில் இருந்தது. வீட்டு வாடகையில் பெரும்பகுதி ஸ்டுடியோ வாடகையாகியிருந்தது. கடைசியில் நின்ற லாபம், அவர் உண்மையில் சம்பாதிப்பதில் பாதிகூட இல்லை. இப்படி எழுதியதால் அவருக்கு மிச்சமான வரி சில ஆயிரம் ரூபாய். ஒரு கோடி தர முடியாது, ஏறக்குறைய பாதிதான் தருவோம் என்று பதில் வந்தது.

அதைச் சொல்ல நானே நேரில் போனேன். போனில் சொல்லக்கூடிய விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை. அவர் அமைதியாகக் கேட்டார். அவர் மனைவிதான் கேட்டார்: "அக்கா, ராத்திரி பகலா ஓடுறாருக்கா. இவ்வளவு சம்பாதிக்கிறவருக்கு ஏங்க்கா பாதிதான் தருவேங்கிறாங்க?" அந்தக் கேள்விக்கு நான் படிவத்தை எடுத்து வைத்து, ஒவ்வொரு வரியாகக் காட்டி விளக்கினேன். அந்தப் பெண் படிவத்தில் இருந்த லாபத் தொகையின் மேல் விரலை வைத்து, "அப்ப இவரு சம்பாதிக்கிறது இவ்வளவுதான்னு எழுதியிருக்காங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கணவர் தலையைத் திருப்பிக்கொண்டார். அவர் அந்த எண்ணை எழுதவில்லை. யாரோ ஒருவர் "யாரும் கேட்க மாட்டாங்க" என்று சொல்லி எழுதிக் கொடுத்தது. கேட்க வேண்டியவர் வரி அதிகாரி மட்டும்தான் என்று அந்த யாரோ நினைத்திருக்கிறார்.

வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கி அதே படிவத்தைக் கேட்கும். சாலை விபத்தில் ஒருவர் போய்விட்டால், இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அவருடைய வருமானத்துக்குச் சாட்சியாக முதலில் எடுத்து வைப்பதும் அதே படிவம்தான். எங்கள் ஊர்களில் ராத்திரி ஓட்டம் ஓடும் ஒவ்வொருவரையும் நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். அந்த இரவு திரும்பி வரும்போது, காரின் பங்கை மிகையாக எழுதுவது வெறும் வரி விஷயம் என்ற எண்ணம் எனக்குப் போய்விட்டது. அதே நேரத்தில், செலவே எழுதாமல் வருமானத்தை ஊதிக் காட்டுவதும் சரியில்லை. நாளைக்குத் தாங்க முடியாத கடனை அந்த எண்ணை நம்பி வங்கி கொடுத்துவிடும். ஓடியது எவ்வளவோ அவ்வளவு எழுத வேண்டும். அந்த வருடம் ஆடிட்டரிடம் போகும்போது நோட்டைக் கையில் கொண்டுபோனேன். அவர் புரட்டிப் பார்த்தார், 'வ' என்றால் என்ன என்று கேட்டார், சொன்னேன். தலையாட்டிவிட்டு என் எண்ணைத்தான் எழுதினார். இப்போது அவரிடம் வரும் மற்ற முகவர்களிடமும் "நோட்டு வச்சிருக்கீங்களா?" என்று கேட்கிறாராம். கேட்டதும் எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

கேட்டவர்களுக்குச் சொன்னவை

தொழிலுக்கு ஓட்டுகிறேன் என்று எழுதினால் மஞ்சள் போர்டு போடச் சொல்வார்களா என்ற பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. மஞ்சள் போர்டு வாடகைக்கு ஆள் ஏற்றும் வண்டிக்கு. நீங்கள் உங்கள் வேலைக்குச் சொந்தக் காரில் போவது வாடகை ஓட்டம் இல்லை. தனியார் கார் இன்சூரன்ஸ் பாலிசியும் வாடகை ஓட்டத்தைத்தான் விலக்குகிறது. சொந்த வேலைக்குப் போன வழியில் விபத்து என்றால் அதற்காக கிளெய்ம் மறுக்கப்படாது. போலீஸ் அபராதத்தை மட்டும் செலவில் எழுதாதீர்கள். சட்டத்தை மீறியதற்குக் கட்டிய பணம் எந்தத் தொழிலிலும் செலவாகாது.

ரொக்கம்தான் எங்கள் பக்கத்தில் பெரிய ஓட்டை. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை 40ஏ(3) பிரிவு முழுவதுமாகத் தள்ளிவிடும். நான்கு டயரும் மாற்றி 18,000 ரூபாயை நோட்டாக எண்ணிக் கொடுத்தால், பில் இருந்தாலும் போச்சு. மெக்கானிக் ஷெட்டிலும் இப்போது யு.பி.ஐ. ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள், அதில் கொடுத்துவிடலாம். பழைய கார் வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 43(1) பிரிவின்படி, சொத்து வாங்க ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொகை அந்தச் சொத்தின் விலையில் சேராது. நெல் விற்ற பணத்தை மஞ்சப்பையில் கொண்டுபோய்க் கொடுத்து மூன்று லட்சத்துக்கு வாங்கிய காருக்குத் தேய்மானக் கணக்கில் விலை சைபர்.

போன மாதம் கூத்தாநல்லூரிலிருந்து ஒரு இளம் முகவர் கூப்பிட்டாள். முதல் கார், தன் பெயரில், வங்கிக் கடனில் வாங்கப் போகிறாள். எப்போது எடுத்தால் நல்லது என்று கேட்டாள். வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்ட வண்டிக்கு அந்த வருடம் பாதித் தேய்மானம்தான். சாதாரண வருடத்தில் அக்டோபர் 3க்குள் ஓட ஆரம்பித்திருந்தால் முழு 15 சதவீதம், அதற்குப் பிறகு என்றால் 7.5. ஆயுத பூஜைக்கு எடுக்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்களாம். 2025இல் ஆயுத பூஜை அக்டோபர் 1, முழுசாகக் கிடைத்திருக்கும். 2024இல் அது அக்டோபர் 11, பாதிதான். ஆனால் பாதி கிடைத்தால் மீதி எங்கும் ஓடிப்போகாது, அடுத்த வருடங்களில் கழியும். அதனால் இதற்காக அவசரப்படவும் வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம், வண்டி எப்போது வேண்டுமோ அப்போது எடு என்றேன். முன்பணத்தை உன் கணக்கிலிருந்து வங்கி வழியாகவே கொடு, ஷோரூமை விட்டு வெளியே வரும் முன் மீட்டரை ஒரு போட்டோ எடுத்துவிடு என்றும் சொன்னேன்.